தொடக்கநிலையாளருக்குக் கைப்பிடி கிடையாது

வீட்டுக்கு ஒரு சின்ன காபி மெஷின் வாங்க என்ன வேண்டும்? கையில் காசு வேண்டும், வைக்க ஒரு மூலை வேண்டும், பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும். நம் லிஃப்ட் மெக்கானிக்கும் பாவம் இப்படித்தான் நினைத்தார். இருபது வருஷமாக, நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளிலிருந்து மனிதர்களை வெளியே எடுத்து விடுகிறவர் அவர். உள்ளே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நிதானமாகப் பேசிப் பழகியவர். அப்படிப்பட்ட மனுஷரையே ஒரு பேரவை இரண்டு மாதம் படாதபாடு படுத்திவிட்டது என்றால், நீங்களும் நானும் எம்மாத்திரம்.

அவருக்குக் காபிப் பைத்தியம் எதுவும் கிடையாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு பேரவையின் படிவத்தில் இது அவருடைய குறைகளில் முதலாவதாகப் பதிவாயிற்று. விஷயம் வேறு. அவருக்கு வேலை விடியற்காலை ஐந்துக்கு ஆரம்பித்துப் பகல் பன்னிரண்டரைக்கு முடியும். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. இரண்டு மணிக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் இரவு பத்துக்குத்தான் விடுவார்கள். அவள் வரும்போது இவர் குறட்டையில் இருப்பார், இவர் கிளம்பும்போது அவள். விடுமுறை இருவருக்கும் ஒரே நாளில் வந்ததாகச் சரித்திரமே இல்லை. ஆக, ஊரறியக் கல்யாணம் செய்துகொண்ட இந்தத் தம்பதிக்குச் சொந்தமென்று இருந்தது ஒரு நாளில் இருபத்தைந்து நிமிடம். ஒன்று பத்திலிருந்து, அவளுடைய பஸ் வரும் ஒன்று முப்பத்தைந்து வரை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு காபிக்கடையில் மூலை மேஜையில் ஆறு வருஷமாக அந்த இருபத்தைந்து நிமிடத்தைச் செலவழித்து வந்தார்கள். யாருக்குப் பல்வலி, யார் மேல் யாருக்குக் கோபம், எந்தச் சொந்தக்காரர் என்ன சொன்னார் எல்லாம் அங்கேதான் பேசித் தீர்க்கப்பட்டது.

ஒரு திங்கட்கிழமை போனால் கடையைக் காணோம். செல்போனுக்கு உறை விற்கிறவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

சரி, வீட்டிலேயே உட்காருவோம் என்று இருவரும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டு நிமிடத்தில் அவள் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, துக்கம் விசாரிக்க வந்தவங்க மாதிரி உட்கார்ந்திருக்கோம்."

"வேணும்னா காபிப் பொடியைக் கரைச்சுக் குடிப்போமா?"

"அதை நின்னுக்கிட்டே குடிச்சுடலாமே. அதுக்கு யாரு உட்காருவாங்க?"

சொன்னதோடு எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். இவர் போய்ப் படுத்தார். இரண்டு வாரத்தில் அந்த இருபத்தைந்து நிமிடம், "சாவி எங்க?", "ஆணியில", "சாப்பாடு?", "மூடி வெச்சிருக்கேன்" என்று நான்கு வார்த்தையாகத் தேய்ந்துபோயிற்று. மெக்கானிக்குக் கவலை வந்துவிட்டது. நின்றுபோன லிஃப்டில் முதல் பத்து நிமிடம்தான் ஆட்கள் கத்துவார்கள். அப்புறம் பேச்சு நின்றுவிடும். அவருடைய தொழிலில் அதுதான் அபாயக் கட்டம். காத்திருந்து, உட்கார்ந்து குடிக்கிற மாதிரியான காபி வீட்டிலேயே வேண்டும் என்று முடிவு செய்து, இருப்பதிலேயே விலை குறைந்த எஸ்பிரெசோ மெஷின் ஒன்று வாங்கக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முதல் மெஷினா சார்?"

"ஆமாங்க."

கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு."

"கொட்டை அரைக்க என்ன வெச்சிருக்கீங்க? கிராம் தராசு இருக்கா? தண்ணிக்கு என்ன ஏற்பாடு?"

"குழாயில வருது."

கடைக்காரர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வெளியே வைத்தார். "இது இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இதை யாரும் வெச்சுக்கறதுக்காக வாங்கறதில்ல. இதுலேர்ந்து மேல போறதுக்காக வாங்கறாங்க."

"மேலன்னா எங்க?"

"அடுத்த மெஷினுக்கு."

"அப்ப அடுத்ததையே வாங்கிட்டா என்ன?"

"அப்படி எடுத்த எடுப்புல கொடுக்க மாட்டோம் சார். இதைப் பயன்படுத்தி வெறுத்துப் போனவங்களுக்குத்தான் அது."

மெக்கானிக் பணத்தைக் கட்டினார். கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, மெஷினின் முன்பக்கம் மாட்டுகிற கைப்பிடியை எடுத்தார். நுனியில் கிண்ணம் வைத்த கனமான கைப்பிடி. காபித் தூளை அந்தக் கிண்ணத்தில் போட்டு, அழுத்தி, மெஷினில் முறுக்கி மாட்டினால்தான் காபி இறங்கும். அது இல்லாவிட்டால் மெஷின் வெறும் வெந்நீர்ப் பானை. கடைக்காரர் அந்தக் கைப்பிடியை ஓர் உறைக்குள் போட்டு, ஒட்டி, எண் எழுதி, தன் மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டினார். மிச்சத்தைப் பெட்டியில் கட்டி நீட்டினார்.

"அதையும் கொடுங்க."

"தொடக்கநிலையாளருக்குக் கைப்பிடி கிடையாது சார். பேரவைக்கு அனுப்பிடுவோம். அங்க பயிற்சி முடிச்சு, தேர்வு முடிஞ்சதும் பேசிக்கலாம்."

"கார் வாங்கினா ஸ்டீயரிங்கைக் கழட்டி வெச்சுக்கிட்டா கொடுக்கறாங்க?"

"காருக்கு லைசென்ஸ் இருந்தா போதும் சார்," என்றார் கடைக்காரர் பொறுமையாக. "கம்பெனிக்கு வர்ற புகார்ல முக்கால்வாசி காபி நல்லா இல்லைங்கறதுதான். மெஷின் மேல தப்பு இல்ல, ஆள் மேலதான் தப்புன்னு நிரூபிக்க ஒரு அமைப்பு தேவைப்பட்டுது. பேரவைக்காரங்க அதை ஒரு சேவையா செய்யறாங்க."

வீட்டுக்கு வந்து மெஷினை மூலையில் வைத்தார். மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுல ஏதோ குறையுதே."

"கைப்பிடி."

"எங்க அது?"

"பேரவையில."

"பேரவைன்னா?"

"போனாத்தான் தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். இவருக்கும் தொற்றிக்கொண்டது. பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தாள். காபியே இல்லாமல் இருபத்தைந்து நிமிடம் முழுசாகப் போனது அன்றைக்கு ஒரு நாள்தான். இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

இல்ல எஸ்பிரெசோ மேம்பாட்டுப் பேரவை ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. நீளமான அறை, சுவரோரம் பதினொரு மெஷின்கள் வரிசையாகச் சூடாகிக்கொண்டிருந்தன. காபி வாசனை ஆளைத் தூக்கியது. அறையின் நடுவில், மற்ற இடங்களில் மேஜை போடுகிற இடத்தில், பெரிய எவர்சில்வர் தொட்டி ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. எல்லா நாற்காலிகளும் அதைப் பார்த்தே போடப்பட்டிருந்தன.

செயலாளர் அம்மையார் தேர்வுத் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்புப் பேனாவை மட்டும் ஓய்வு பெற விடவில்லை. பன்னிரண்டு பக்கப் படிவத்தை நீட்டினார். 'எஸ்பிரெசோவில் தாங்கள் நாடுவது யாது?' என்று ஒரு கேள்வி. புளிப்பு, அடர்த்தி, பின்சுவை என்று மூன்று கட்டங்கள். மெக்கானிக் மூன்றையும் விட்டுவிட்டுக் கீழே, 'மனைவியோடு உட்கார' என்று எழுதினார்.

அம்மையார் அதைச் சிவப்பில் அடித்தார். "இது உட்காருவது சம்பந்தப்பட்ட அமைப்பு இல்ல. அதுக்கு வேற எங்கயாவது பாருங்க."

"வகுப்பு எப்பங்க?"

"தினமும் ஒண்ணுலேர்ந்து ரெண்டு."

மெக்கானிக் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, அந்த நேரம்தான் நான் வீட்டுல இருக்கணும். அதுக்காகத்தான் மெஷினே வாங்கினேன். காலையிலயோ சாயந்திரமோ வரலாமா?"

"மத்த நேரத்துல மெஷின்கள் சூடாகணும்," என்றார் அம்மையார்.

அப்போது உள்ளறையிலிருந்து பேரவைத் தலைவர் வந்தார். வெள்ளை மேலங்கி, மார்பில் பட்டுநூலால் தைத்த பதவி, கழுத்துச் சங்கிலியில் ஒரு சின்னக் கரண்டி. புதியவருக்கு வரவேற்புரை வழங்குவது மரபு. இருந்தது ஒரே ஒரு புதியவர்தான் என்றாலும் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"தம்பி, வெளியில ஒரு மூடநம்பிக்கை பரவியிருக்கு. காபி குடிக்கறதுக்குன்னு. அதை இங்க விட்டுடணும். இந்தப் பேரவை தொடங்கி பதினொரு வருஷம். ஒரு நாளைக்கு நாற்பது காபி போடறோம். பெருமைக்குச் சொல்லல, இன்னிக்கு வரைக்கும் அதுல ஒண்ணைக்கூட யாரும் குடிச்சது கிடையாது. கரண்டியில தொடறோம், நாக்குல வெக்கறோம், குறிப்பு எழுதறோம், தொட்டியில துப்பறோம்."

"ஏங்க, குடிச்சா என்ன?"

தலைவர் கனிவோடு சிரித்தார். "குடிச்சா பிடிச்சுப் போயிடும் தம்பி. என் அனுபவத்துல சொல்றேன், குடிக்க ஆரம்பிச்சவன் ஒருத்தனும் மேல போனதில்ல. அவனுக்கு அதுவே போதும்னு ஆயிடுது. எல்லாருக்கும் அதுவே போதும்னு ஆயிட்டா, நான் எதுக்கு, இந்த அம்மா எதுக்கு, இந்த மைக் எதுக்கு?"

நாற்காலிகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மெக்கானிக்கும் தட்டினார். கைப்பிடி இவர்களிடம் இருக்கிறதே, தட்டாமல் என்ன செய்வது?

முதல் இரண்டு வாரம் தண்ணீர். வரிசையாக ஏழு கிளாஸ் வைப்பார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுவைத்து, அதன் குணத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் 'மென்மை', 'கம்பீரம்' என்று சொல்லிக்கொண்டிருக்க, மெக்கானிக் மூன்றாவது கிளாஸில் நாக்கை வைத்துவிட்டு, "இது மாடித் தொட்டித் தண்ணி. தொட்டிக்கு மூடி இல்ல. பைப்பு துருப்பிடிச்சிருக்கு," என்றார். மேலே ஏறிப் பார்த்தார்கள். மூடி இல்லை. லிஃப்ட் மோட்டார் இருக்கிற மொட்டை மாடிகளிலேயே வேலை பார்க்கிறவருக்கு இது பெரிய விஷயமா? ஆனால் பேரவையில் பரபரப்பாகிவிட்டது. இப்படி ஒரு நாக்கைப் பதினொரு வருஷத்தில் கண்டதில்லை என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். தொட்டிக்கு மூடி போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து எடை. பதினெட்டு கிராம் தூள், கூடவும் கூடாது குறையவும் கூடாது. இந்த வகுப்பில் ஒரு தையற்காரர் இருந்தார். ஒன்பது வருஷமாக இதே வகுப்பில் இருக்கிறார். தராசு பதினெட்டைத் தொடும்போதெல்லாம் அவருக்குத் தும்மல் வந்துவிடும்.

"ஒன்பது வருஷமா உங்க கைப்பிடி இங்கயா இருக்கு?" என்று மெக்கானிக் கேட்டார்.

"பத்திரமா வெச்சிருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவை காட்டுவாங்க," என்றார் தையற்காரர்.

"வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?"

"ஆரம்பத்துல சொன்னாங்க. இப்ப மெஷின் மேல ஒரு துணியைப் போட்டு அதுமேல ரேடியோ வெச்சிருக்காங்க. நல்லாத்தான் பாடுது."

அதற்கடுத்து அழுத்தம். தூளை எத்தனை கிலோ பலத்தில் அழுத்த வேண்டும் என்ற பயிற்சி. தொடக்கநிலையாளர் தூளை வீணாக்கிவிடுவார் என்பதால் மணலைக் கொடுத்தார்கள். பிறகு கொட்டைகளின் ஓய்வறை. வறுத்த காபிக் கொட்டை இருபத்தொரு நாள் இளைப்பாற வேண்டுமாம். கதவில், 'உள்ளே உறங்குகின்றன, செருப்பைக் கழற்றவும்' என்று பலகை. மெக்கானிக் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அதிகாலை நாலு மணிக்கே எழுந்த தூக்கக் கலக்கத்தோடு, உறங்குகிற கொட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த நேரமெல்லாம் அந்த இருபத்தைந்து நிமிடம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அதுதான் போயே போயிற்றே. ஒன்று பத்துக்கு அவர் மூன்றாவது மாடியில் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டிருப்பார். ஒன்று முப்பத்தைந்துக்கு அவள் பஸ் ஏறிவிடுவாள். முன்பாவது நான்கு வார்த்தை பேசினார்கள். இப்போது அதுவும் சீட்டாகிவிட்டது. கைப்பிடி மாட்டுகிற ஓட்டையில் அவள் சீட்டைச் சுருட்டிச் செருகிவிட்டுப் போவாள். 'கேஸ்காரர் வந்தார்.' 'உங்க அக்கா போன் பண்ணினாங்க.' ஒரு நாள் வெறும் தாளைச் சுருட்டி வைத்திருந்தாள். மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனார்.

சும்மா சொல்லக் கூடாது, ஆளும் மாறித்தான் போயிருந்தார். வேலை செய்யும் இடத்துக் கேன்டீனில் காபியை வாயில் வாங்கிக் கொப்பளித்துப் பூந்தொட்டியில் துப்பினார். சூப்பர்வைசர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். 'பின்சுவை போதாது' என்று இவரும் எழுதிப் பதில் கொடுத்தார். மற்றவர்கள் இரண்டு வருஷத்தில் தாண்டுகிறதை இவர் ஏழு வாரத்தில் தாண்டிவிட்டார் என்று தலைவர் மைக்கில் அறிவித்தபோது, அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபது வருஷத்தில் லிஃப்டிலிருந்து மீட்டவர்கள் ஒருவர்கூட அவருக்குக் கை தட்டியதில்லை. வெளியே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

எட்டாவது வாரம் அவளுக்கு ஒரு நாள் விடுமுறை வந்தது. அன்றைக்கும் இவர் வகுப்பு முடிந்து இரண்டரைக்குத்தான் வீட்டுக்கு வந்தார். அவள் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அந்த மெஷின்.

"உட்காருங்க," என்றாள். "எனக்கு மனசு கஷ்டமா இருக்கு, அதை நேரா சொல்லிடறேன். ரெண்டு மாசமா நான் இந்த மெஷின் மூஞ்சியைப் பாத்துக்கிட்டுத்தான் சாப்பிடறேன். உங்க மூஞ்சியை போட்டோல பாத்துக்கறேன். அந்தக் கடை மூடினப்ப நம்ம ரெண்டு பேருக்கும்தான் போச்சு. இப்ப எனக்கு மட்டும் போயிருக்கு. உங்களுக்கு உட்கார ஒரு இடம் கிடைச்சுடுச்சு."

மெக்கானிக்குச் சுருக்கென்றது. "உனக்காகத்தானே இவ்வளவும்."

"எனக்காக நீங்க வீட்டுக்கு வந்தா போதும்."

"இன்னும் பத்து நாள். தேர்வு நம்ம வீட்டுலதான். மெஷின் இருக்கற இடத்துலதான் நடத்தணும்னு விதி. ஒண்ணு பத்துக்கு வரச் சொல்லிட்டேன். நீயும் இருக்கலாம். பாஸ் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்."

அவர் தன்னையறியாமல் தொண்டையைக் கனைத்து, கிளாஸில் இருந்த தண்ணீரை வாயில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து போய்விட்டாள்.

தேர்வு நாள் வந்தது. அவர் சொல்லியிருந்தபடி அவள் பன்னிரண்டரைக்கே மெஷினைப் போட்டுச் சூடாக்கி வைத்திருந்தாள். ஒன்று பத்துக்கு மெக்கானிக் உள்ளே நுழைய, பின்னாலேயே தலைவரும் செயலாளரும் வந்தார்கள். தலைவர் கையில் ஒரு வெல்வெட் பை. அதற்குள் கைப்பிடி. அதை மேஜையில் வைத்து, பையை உருவி, மூவரும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். அவள் ஆஸ்பத்திரிச் சீருடையில், தோளில் பையோடு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மேஜை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தார்கள். செயலாளர் கோப்பைப் பிரித்து விதிகளைப் படித்தார். படித்தே ஆக வேண்டும் என்பதும் ஒரு விதி.

"தேர்வர் இரண்டு கோப்பை தயாரிக்க வேண்டும். ஏதேனும் ஒன்று தேறினால் தேர்ச்சி. தேர்ச்சி பெற்றவர் இடைநிலைக்கு உயர்த்தப்படுவார். இடைநிலை வகுப்பு இரண்டு ஆண்டு, தினமும் ஒன்று முதல் இரண்டு வரை. மலிவு மெஷினைப் பயன்படுத்துவது இடைநிலையாளரின் தகுதிக்கு இழுக்கு என்பதால், அதைக் கைப்பிடியோடு பேரவையில் ஒப்படைத்துவிட்டு, அடுத்த நிலை மெஷின் வாங்க வேண்டும். அதன் கைப்பிடி இடைநிலை முடிந்தபின் வழங்கப்படும்."

அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"தேர்ச்சி பெறாதவர்," என்று செயலாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார், "தம் தவற்றை நாள்தோறும் உணரும் பொருட்டு, கைப்பிடி அவர் வீட்டிலேயே விடப்படும். பேரவைக்குள் அவருக்கு அனுமதி இல்லை. இரு கோப்பையும் விழுங்கி அழிக்கப்பட்டால், தேர்வர் உடனடியாகத் தோற்றவராவார்."

"அந்தப் பக்கத்துக்கு இதுவரைக்கும் வேலையே வந்ததில்ல," என்றார் தலைவர் பெருமையாக. "தம்பி, ஆரம்பிங்க."

மெக்கானிக் தூளை நிறுத்தார். தட்டினார், அழுத்தினார், கைப்பிடியை முறுக்கி மாட்டினார். அது கச்சிதமாகப் போய் உட்கார்ந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொத்தானைத் தட்டினார். மெஷின் உறுமியது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு கைப்பிடியின் அடியில் இருந்த இரண்டு மூக்கிலிருந்தும் கரும்பழுப்பில் மெல்லிய நூலாக இறங்க ஆரம்பித்தது. இருபத்தேழு நொடி. இரண்டு சின்னக் கோப்பைகள், மேலே பொன்னிறத்தில் ஒரு விரல் நுரை. சமையலறை முழுக்க வாசனை.

செயலாளரின் சிவப்புப் பேனா எழுதாமல் நின்றது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி," என்றார், "இந்த டப்பா மெஷின்ல இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்ல. உங்க படத்தைப் பேரவையில மாட்டுவோம். நானே திறந்து வைக்கறேன்." சொல்லிக்கொண்டே சங்கிலியில் தொங்கிய கரண்டியைத் துடைத்தார்.

மெக்கானிக் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மனைவி அதைப் பார்த்தாள். பிறகு செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, தோத்துட்டா கைப்பிடி இங்கயேதானே இருக்கும்?"

"இருக்கும்மா. ஆனா எவ்வளவு பெரிய அவமானம்."

"வகுப்பு?"

"தோத்தவருக்கு ஏது வகுப்பு? எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வருவார்?"

அவள் தோள் பையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினாள். உட்கார்ந்தாள். அலமாரியிலிருந்து சர்க்கரை டப்பாவை எட்டி எடுத்து, ஒரு கோப்பையில் ஒன்றரை ஸ்பூன் போட்டுக் கலக்கினாள். செயலாளர் அம்மையார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கு," என்றார் செயலாளர் விதியைத் தடவிக்கொண்டு. "இன்னொரு கோப்பையை வெச்சுத் தேர்ச்சி கொடுக்கலாம்."

"கொடுத்துடலாம்," என்று தலைவர் கரண்டியோடு கிட்டே வந்தார்.

அவள் அந்தக் கோப்பையைக் கணவர் முன்னால் நகர்த்தினாள். "நீங்க பாஸ் பண்ணணுமா? நான் கோபமா கேக்கல. உங்க இஷ்டம். ஆனா இப்பவே சொல்லுங்க, எனக்கு பஸ் இருக்கு."

மெக்கானிக் கைப்பிடியைப் பார்த்தார். தலைவரின் ஈரக் கண்ணைப் பார்த்தார். சுவரில் மாட்டப்போகிற படத்தில் எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்றுகூட, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவர் யோசித்து வைத்திருந்தார். மறுபடி மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எப்போதிருந்து இப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் போனதுதான் அவரை உலுக்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். கோப்பையை எடுத்து முழுசாக வாயில் ஊற்றிக்கொண்டார்.

ஊற்றிக்கொண்டவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு மாதப் பழக்கம். கன்னம் இரண்டும் உப்ப, கண் தானாகத் தொட்டியைத் தேடியது.

"முழுங்குங்க," என்றாள் அவள்.

முழுங்கினார்.

"எப்படி இருக்கு?"

"சூடா இருக்கு," என்றார் மெக்கானிக். கொஞ்சம் யோசித்தார். "நல்லா இருக்கு."

செயலாளர் கோப்பில் சிவப்பில் எழுதினார். தலைவர் கனத்த குரலில் தீர்ப்பை வாசித்தார். தேர்வர் இன்று முதல் தோற்றவர் என்றும், பேரவையின் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்றும், கைப்பிடி என்னும் சிலுவையை அவரே சுமக்க வேண்டும் என்றும் நீளமாகப் போனது. மேஜையில் இருந்த இருவரும் அதைக் கேட்கவில்லை.

"நேத்து சலவைக்கு வந்த போர்வையை உதறினேன்," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "உள்ளேருந்து ஒரு பல்செட் விழுது. முழு செட்டு. வார்டு வார்டா எடுத்துக்கிட்டுப் போறேன், எல்லாரும் வாயைத் திறந்து காட்டறாங்க, ஒருத்தருக்கும் குறையல."

"அப்புறம்?"

"டாக்டர்களையும் பாத்துட்டேன்."

மெக்கானிக் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து இன்னும் கொஞ்சம் தூளை எடுத்தார். இந்தத் தடவை நிறுக்கவில்லை. தலைவர் தீர்ப்பை முடித்துவிட்டு, போக வேண்டியவர், போகாமல் நின்றார். கையில் காலி வெல்வெட் பை. கரண்டி சங்கிலியில் ஆடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பல்செட்," என்றார் மெதுவாக, "யாரோடதும்மா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஐயா, எங்களுக்கு இன்னும் பதினொரு நிமிஷம்தான் இருக்கு. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க."